எந்த வருஷத்துப் படகு

ஹவுட் பே துறைமுகத்தில்
கிரேன் இறக்கி வைத்த இரட்டை உடல் பாய்ப்படகின் அடியில்
மல்லாந்து கிடக்கிறேன்.
கையில் பிளாஸ்டிக் தலைச் சுத்தியல்.
டக் என்றால் நலம்.
தப் என்றால் உள்ளே ஏதோ விட்டுப் போயிருக்கிறது.

விந்தோக்கிலிருந்து வந்த டாக்டர் ஷிவூட்டே
குனிந்து பார்த்துச் சொல்கிறார்:
நானும் இப்படித்தான் பல்லைத் தட்டுவேன்.
பிறகு கேட்கிறார்:
எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதானே,
விலை ஏன் ஏறி இறங்குகிறது?

ஒரே அச்சுதான் டாக்டர்.
அச்சுக்கு வயதாகாது, வேலை செய்தவர்களுக்கு ஆகும்.

இரண்டாயிரத்து ஐந்தில் முதல் பதினோரு படகு.
முதலாளி டெர்பிளான்ஷுக்குக் கடல்மேல் பயம்.
மூன்று அடுக்கு போதுமென்ற இடத்தில்
கண்ணாடி இழைத்துணி ஐந்து அடுக்கு.
எருமைபோல் கனக்கும், காற்றுக்கு அசையாது.
ஆனால் பயந்தவன் கட்டிய படகு பிளந்ததாக
இதுவரை எனக்குச் சேதி வரவில்லை.

ஏழில் ஆர்டர் கொட்டியது. மூன்று ஷிப்ட்.
முந்தின நாள்வரை மீன் டப்பா அடைத்தவர்கள்
ரோலரைப் பிடித்தார்கள்.
ஒன்பதாம் நாள் என்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள்.
அந்த வருஷத்துப் படகை வாங்குமுன்
எந்தக் கிழமை வார்த்தது என்றும் கேட்க வேண்டும்.

எட்டில் மின்வெட்டு.

என் பெயர் மெர்சியா ஃபெப்ருவாரி.
இங்கே பலருக்கு மாதம்தான் குடும்பப் பெயர்.
அடிமையாக வந்திறங்கிய மாதத்தை
முன்னோர் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்,
வருஷத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.
அதனாலோ என்னவோ
எதைப் பார்த்தாலும் முதலில் வருஷம் கேட்கிறேன்.

ஒன்பதில் உலகத்துப் பணம் வற்றியது.
வருஷம் முழுக்க இரண்டே படகு.
வீட்டுக்கு அனுப்பாமல் விட்ட ஏழு பேர்
நேரத்துக்கு விலையே இல்லாததுபோல் தேய்த்தார்களாம்.
அதைவிட நல்ல படகு அந்தக் கொட்டகையிலிருந்து வந்ததில்லை.
நான் பார்க்கவில்லை.
அனுப்பப்பட்ட நாற்பத்திரண்டில் ஒருத்தி நான்.

இந்தப் படகின் தாளில் ஒன்பது என்றிருக்கிறது.
விற்பவர் அதை மூன்று முறை சொன்னார்.
பின்பக்கம், நீர்க்கோட்டுக்கு மேலே,
பெயின்டுக்கு அடியில் செதுக்கிய எண்ணைச் சுரண்டினேன்.
எட்டு.
எட்டில் வார்த்து, வாங்க ஆளில்லாமல் கிடந்து,
ஒன்பதில் தண்ணீர் தொட்டது.
தாள் பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறது.

எனக்கு அந்த இரவு தெரியும்.
உறைக்கு அடியில், துணிக்குள்
தேன்போல் நடந்துகொண்டிருந்தது ரெசின்.
பத்து மணிக்குப் பம்ப் நின்றது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
மண்டியிட்டு, உறையின் விளிம்பை
விரல்களால் அழுத்திக்கொண்டு நான்கு பேர்.
கிளைவ் போன் வெளிச்சம் காட்டினான்.
நாற்பது நிமிடம்.
காற்று எங்கள் விரலிடுக்கில் நுழைந்ததை
யாரும் பார்க்கவில்லை, கேட்டோம்.
காலையில் ஓரிடம் வெளுத்திருந்தது.
மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னது நான்.

இடது உடல். மூன்றாம் தடுப்புக்குப் பின்னால்.
டக். டக்.
தப்.

சாப்பாட்டுத் தட்டளவு, ஈரம் அதிகம் என்று எழுதுகிறேன்.
காரணம் என்ற கட்டத்தில்
மின்வெட்டு என்று எழுதுகிறேன்.
டாக்டர் படித்துவிட்டுச் சிரிக்கிறார்,
பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்துகிறார்.

வெட்டி எடுத்து, உலர்த்தி, அடைக்கலாமா என்கிறார்.
அடைக்கலாம்.
அதற்கான பணத்தை விலையில் கழியுங்கள்,
என் கூலியையும் சேர்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

வலது உடல் பகலில் வார்த்தது, மின்சாரம் இருந்தது.
தட்டாமலே நலம் என்று எழுதிவிடலாம்.

ஏணியை அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்கிறேன்.